மாமாவின் விரலும் செத்த குடுவையும்

மண்ணில் வாழும் சில பாக்டீரியாக்களிடம் மருந்து செய்யும் மரபணுக்கள் உண்டு. ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தால் அவை வாயே திறக்காது, நேர்முகத் தேர்வில் நான் உட்கார்ந்ததுபோல. ஆகவே அந்த மரபணுக்களைக் கணினியில் படித்து, புதிதாகச் செய்து, சொன்ன பேச்சுக் கேட்கும் வேறொரு பாக்டீரியாவுக்குள் நுழைப்பது என் வேலை.

நுழைத்தேன். செத்தது. மறுபடி நுழைத்தேன். மறுபடி செத்தது. ஒரே முடிவைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருவதற்கு அறிவியலில் நல்ல பெயர் உண்டு. எனக்கு மட்டும் கிடைக்கவில்லை.

செய்த மருந்தைச் சோதிக்க, எந்த மருந்துக்கும் மசியாத கிருமி ஒன்றை வளர்த்துவந்தோம். என் தாய்மாமாவின் கால் புண்ணிலிருந்து எடுத்தது. சர்க்கரை வியாதி, பெருவிரல் கறுத்துப்போயிருந்தது. "நம்ம வீட்டு ஆளுதான், நல்லா கவனிச்சுக்கோ மாப்ளே" என்று சொல்லிக் கொடுத்தனுப்பியிருந்தார்.

செத்த குடுவையைக் கழுவப் போனபோது ஆய்வகத்தை நடத்தும் மேடம் மறித்தார்.

"எதனால செத்துச்சு?"

"என் கைராசி மேடம்."

"உன் கைராசிய விடு. தான் செஞ்ச மருந்தையே தாங்க முடியாம செத்திருந்தா?"

மண்ணில் இருக்கும் பாக்டீரியா மருந்தோடு தனக்கொரு கவசமும் செய்துகொள்ளும். நான் கத்தியை மட்டும் கொடுத்துவிட்டுக் கவசத்தை மறந்திருந்தேன்.

குடுவை நீரை வடிகட்டி, மாமாவின் கிருமி பரவிய தட்டில் ஒரு சொட்டு விட்டோம். மறுநாள் சொட்டைச் சுற்றிச் சட்டைப் பொத்தான் அளவுக்குக் கிருமியே இல்லை. மேடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் மாமாவுக்குப் போன் செய்தேன். செய்திருக்கக் கூடாது.

மாலையில் மாமா படுத்திருந்த ஆஸ்பத்திரி வார்டுக்குப் போனால் அத்தை என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்தார்.

"ஆபரேஷன் வேணாம்னுட்டாருப்பா. உன் மருந்து வருதாம்."

விரலை எடுக்காவிட்டால் காலே போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"மாமா, அது தட்டுல வேலை செஞ்ச மருந்து. மனுஷனுக்கு வர பல வருஷம் ஆகும்."

"எனக்கு முதல்ல போட்டுப் பாரு."

"அந்தத் தண்ணியில வேற என்னென்ன இருக்குன்னே தெரியாது."

"சின்ன வயசுலேருந்து இல்லாததையெல்லாம் இருக்குன்னு அளப்பே. இன்னிக்கு இருக்கறதை இல்லைங்கறியே!"

வாஸ்தவம். என் சாதனையை நானே மட்டம்தட்ட இவ்வளவு பாடுபடுவேன் என்று நினைத்ததில்லை.

"அதைச் செஞ்ச பாக்டீரியா என்ன ஆச்சு தெரியுமா மாமா?"

"என்ன ஆச்சு?"

"செத்துப்போச்சு. ஒண்ணும் மிஞ்சல. பெத்தவனையே தீர்த்தது, உங்களை மாமான்னு பார்க்குமா?"

பாக்டீரியாவைக் கொல்வதெல்லாம் மனிதனைக் கொல்லாது. அதை நான் சொல்லவில்லை. கொல்லாது என்று சத்தியம் செய்யவும் என்னிடம் ஆதாரம் இல்லை.

மாமா தலையணையை நகர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நல்ல மருந்தா இருக்குமா மாப்ளே?"

"தெரியல மாமா."

"கண்டுபிடிக்கற வரைக்கும் என் விரலு தாங்காது, இல்ல?"

"தாங்காது மாமா."

அத்தை டாக்டரைத் தேடி ஓடினார். டாக்டர் வருவதற்குள் மாமா தானே போர்வையை விலக்கிக் காலை நீட்டிக்கொண்டார்.