அண்ணனின் ப்ளூ பேட்ஜ்

லண்டன் ஹவுன்ஸ்லோவில் சனிக்கிழமை மதியம் கார் விட இடம் கிடைப்பது ஏறக்குறைய தெய்வச் செயல். பவித்திரன் தெய்வத்தைத் தொந்தரவு செய்யவில்லை. தியேட்டர் வாசலோரம், நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு ஒதுக்கிய இடத்தில் காரை விட்டான். கண்ணாடிக்குப் பின்னால், அந்த இடத்துக்கான அனுமதி அட்டையாக, அண்ணன் ரவிச்சந்திரனின் ப்ளூ பேட்ஜை வைத்தான். செயற்கைக் கால் அண்ணனுக்கு, அவசரம் தம்பிக்கு.

"டேய், அவர்கிட்ட சொன்னியா?" என்றான் கூட வந்த மாதவன். சென்னைக்காரன்.

"நாலு மணிக்குத்தான் அவருக்கு ஆசுப்பத்திரி. அதுக்குள்ள அவற்ற காருக்குள்ள திருப்பி வச்சிடுவன். வா, பேர் போடப்போறான்."

தெலுங்குப் படம். ஊழல் அதிகாரிகளை நாயகனே தேடிப் பிடித்துத் தண்டிக்கிறான். ஹைதராபாத்தில் வேலை பார்த்த மாதவன் காதோரம் மொழிபெயர்த்தான். லஞ்சம் என்ற சொல்லுக்கு மட்டும் உதவி தேவைப்படவில்லை. திரையில் ஒரு அதிகாரி, "பார்த்துச் செய்யலாமே" என்று குழைந்தான். அடுத்த காட்சியில் தலைகீழாகத் தொங்கினான்.

"வெட்டடா! விடாதை!" பவித்திரன் இருக்கை மேலேறிக் கத்தினான். உட்கார்ந்ததும் கால் ஆடியது. கதவையே திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

"பாத்ரூமா?"

"இல்லை. வாசல்ல, கார் விடுறதைச் சோதிக்கிற கவுன்சில் சட்டை ஒண்டு நிண்டது."

இடைவேளைக்குச் சற்று முன் போன் அதிர்ந்தது. அண்ணன்.

"தம்பி, என்ர பேட்ஜைக் கண்டனியே? ஆசுப்பத்திரியில நேரத்தோட வரச் சொன்னவை. வந்து பாத்தால் காருக்குள்ள அது இல்லை. பின்பக்கக் கடைசியிலதான் விட இடம் கிடைச்சது. புதுக் கால் வெட்டுது… மெல்ல நடந்து பாக்கிறன்."

"நில்லுங்கோ அண்ணை! கொண்டு வாறன்!"

"நீ போடா, எனக்கு செகண்ட் ஹாஃப் முக்கியம்" என்று நட்பை நிரூபித்தான் மாதவன்.

வெளியே, கவுன்சில் அதிகாரி லெஸ்லி காரருகே காத்திருந்தாள். பேட்ஜை வாங்கிப் பின்பக்கப் படத்தைப் பார்த்தாள். மீசை, ஐம்பது வயது.

"இது நீங்களா?" என்றாள் ஆங்கிலத்தில்.

"மீசையை எடுத்துவிட்டேன்" என்றான் முப்பது வயதுப் பவித்திரன்.

அவள் சிரிக்கவில்லை. அவன் குரலைத் தாழ்த்தினான். "ஏதாவது பார்த்துச் செய்யலாமே?"

சொன்ன பிறகுதான் அந்த வசனம் அவனுக்கே கேட்டது. லெஸ்லி கத்தி எடுக்கவில்லை. பின்னணி இசையும் இல்லை. பேட்ஜைப் பைக்குள் போட்டு, உரியவர் வந்து கவுன்சிலில் விளக்கம் சொல்லட்டும் என்றாள்.

வெறுங்கையோடு காரை ஆஸ்பத்திரிக்கு ஓட்டினான். பின்பக்கப் பாதையில் பாதி தூரத்தில், மதில் கட்டில் ரவிச்சந்திரன் குந்தியிருந்தார். கழற்றிய கால் மடியில். காற்சட்டை நுனியில் இரத்தம். தூரத்தில் வாசல். அதையொட்டி, நீலக் குறி போட்ட இரண்டு இடங்கள் காலியாக இருந்தன.

பவித்திரன் எல்லாவற்றையும் சொன்னான். அண்ணன் திட்டாமல் காற்சட்டை நுனியை மடித்துவிட்டார்.

"படம் எப்பிடி?" என்றார் கடைசியில்.

"ஊழல் செய்யிறவனை எல்லாம் ஹீரோ தண்டிக்கிறான்."

"எல்லாரையுமோ?"

பவித்திரன் குனிந்து அண்ணனின் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

"இல்லை அண்ணை. ஒருத்தன் இடைவேளைக்கு முன்னமே எழும்பி வந்திட்டான். வேற ஆரும் எடுத்தால் ஊழல், தான் எடுத்தால் கொஞ்ச நேரம்தானே எண்டு நினைச்சவன்."