உலகத்திலேயே பெரிய கொசு

மினசோட்டாவின் வடக்கே, ஏரிகளுக்கு நடுவே போகிற நெடுஞ்சாலையில், கிரான்பெர்க்கைத் தாண்டுகிற எந்தக் காரும் வேகத்தைக் குறைக்காமல் போனதில்லை. ஊர் அப்படியொன்றும் அழகில்லை. ஒரு பெட்ரோல் பங்க், ஒரு தேவாலயம், ஒரு தானியக் கிடங்கு, ஆர்டிஸ் ரஸ்டாட்டின் சாப்பாட்டுக் கடை, அவ்வளவுதான். ஆனால் கடைக்கு எதிரே, ஆறு இரும்புக் கால்களை ஊன்றிக்கொண்டு, கூரைக்கு மேலே மூக்கை நீட்டியபடி ஒரு கொசு நிற்கிறது. அதன் காலடியில் பலகை: ‘உலகத்திலேயே பெரிய கொசு. கடித்தால் ஊர் பொறுப்பல்ல.’

காக்கைக்குத் தன் குஞ்சு பொன்குஞ்சு. கிரான்பெர்க்குக்குத் தன் கொசு. பெயர் கெர்ட்டி. ஆர்டிஸின் கணவன் டுவேனும் ஊர்க்காரர்களும் பழைய தானியத் தொட்டிகளின் தகட்டை வெட்டி, ஒரு குளிர்காலம் முழுக்க வெல்டிங் வைத்துச் செய்தது. கோடை வந்தால் ஓஹையோவிலிருந்தும் டெக்சஸிலிருந்தும் பூங்காக்களுக்குப் போகிற குடும்பங்கள் வழியில் இறங்கும். கெர்ட்டியின் மூக்குக்குக் கீழே நின்று, குத்துப்பட்டவர்கள் போல அலறிப் படம் எடுத்துக்கொள்ளும். பிறகு எதிரே வந்து காப்பியும், மாவுக்குள் பழம் வைத்துச் சுட்ட புளூபெர்ரி பையும் சாப்பிடும். அந்தச் சற்று நேர நிறுத்தத்தில்தான் ஊரே பிழைத்தது.

“எங்க ஊர் கொசு இதவிடப் பெருசும்மா,” என்று டெக்சஸ் தொப்பிக்காரர் ஒருவர் சீண்டுவார். வருஷத்துக்கு ஒருவராவது இதைச் சொல்லாமல் இருந்ததில்லை.

“இருக்கும், இருக்கும். ஆனா அது போட்டோவுக்கு நிக்குமா? எங்களது நிக்கும். கடிக்கவும் கடிக்காது. பில்லு மட்டுந்தான் கடிக்கும்,” என்பாள் ஆர்டிஸ்.

அவளுக்கு அந்தப் பலகையின் மேல் அப்படி ஒரு கர்வம். வசந்தம் வந்ததும் அவளே ஏணி போட்டு ஏறி, எழுத்துக்கு எழுத்து சிவப்பு அடிப்பாள். வேறு யாரையும் தூரிகையைத் தொட விடமாட்டாள்.

அந்தக் கர்வத்தில்தான் ஹைட்டோலா மண்ணைப் போட்டது. வடக்கே ஒன்பது மைலில் இருக்கிற ஊர். அதன் மேயர் வெர்ன் கிவேலா ஆர்டிஸோடு ஒரே வகுப்பில் படித்தவன். அவள் மதிய உணவு டப்பாவில் செத்த மீனைப் போட்டவன். அவன் ஊர்க் கூட்டத்தைக் கூட்டி, கெர்ட்டியைவிட ஓராள் உயரம் அதிகமாக ஒரு கொசுவைச் செய்யச் சொல்லிவிட்டான். கண்ணாடியிழை உடம்பு, வெயிலில் மின்னுகிற இறக்கை. ஜூலை நான்கு, சுதந்திர தினத்தன்று திறப்பு விழா.

செய்தி வந்த நாளில் ஆர்டிஸ் அடுப்பில் மூன்று புளூபெர்ரி பைகளைக் கருகவிட்டாள்.

“டுவேன், கெர்ட்டி மூக்க இன்னும் கொஞ்சம் நீட்டிடு.”

“எவ்வளவு?”

“அவங்களதவிட ஒரு சாண் கூட வர்ற மாதிரி.”

டுவேன் காப்பியை ஊதினான். “அவ்வளவு நீட்டுனா அது கொசு இல்ல ஆர்டிஸ். கொக்கு.”

கடையே சிரித்தது. ஆர்டிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. ஹைட்டோலாவில் நின்றுவிட்டு வருகிற கார் கிரான்பெர்க்கில் எதற்கு நிற்கும்? சின்னக் கொசுவைப் பார்க்க யாராவது காரைத் திருப்புவார்களா?

விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது காற்று வந்தது. மழை இல்லை, சுழலும் இல்லை. ஏரியின் மேலிருந்து நேராக வந்து, வழியில் இருந்ததையெல்லாம் தள்ளிக்கொண்டு போன காற்று. கெர்ட்டி அசையவில்லை. விடிந்தபோது ஹைட்டோலாவின் கொசு கால்கள் வானத்தைப் பார்க்க மல்லாந்து கிடப்பதாகத் தகவல் வந்தது.

ஆர்டிஸ் சந்தோஷப்பட்டாள். பொய் சொல்வானேன், கடை அடுப்படியில் போய் நின்று, யாரும் பார்க்காமல் இரண்டு கையையும் தட்டிக்கொண்டாள். பிறகு புளூபெர்ரி பை ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு டுவேனோடு வண்டியில் ஏறினாள். பக்கத்து ஊரில் கஷ்டம் என்றால் கையில் பண்டம் இல்லாமல் போகிற வழக்கம் அங்கே கிடையாது.

வெர்ன் மல்லாந்த கொசுவின் பக்கத்தில் சட்டையெல்லாம் சேறாக நின்றுகொண்டிருந்தான். ஒரு இறக்கை நசுங்கியிருந்தது. ஊர்க்காரர்கள் கயிற்றைக் கட்டி இழுத்துப் பார்த்துவிட்டு ஓய்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

“யாரோ நல்லா அடிச்சிருக்காங்க போல, வெர்ன்,” என்றாள் ஆர்டிஸ்.

“காத்துக்கும் கொசு புடிக்காது போல.” அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. “பட்டணத்துக் கிரேன் அடுத்த வாரந்தான் வருமாம்.”

டுவேனிடம் தானியத் தொட்டிகளைத் தூக்கி வைக்கிற கிரேன் வண்டி இருந்தது. அது வெர்னுக்கும் தெரியும், ஆர்டிஸுக்கும் தெரியும். கேட்காமல் இருக்க முடியாது.

“டுவேனோட கிரேன் சும்மாதான் நிக்குது. கொண்டு வரட்டுமா?”

“ஐயோ, வேண்டாம் ஆர்டிஸ். நாங்க எப்படியாவது பாத்துக்கறோம்.”

“இல்ல, சும்மாதான நிக்குது?”

“உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்? வேண்டாம்.”

அந்தப் பக்கத்து வழக்கம் இது. காப்பியோ கேக்கோ கிரேனோ, முதல் கேள்விக்கே சரி என்பவன் பறக்காவெட்டி. முதல் ‘வேண்டாம்’ மரியாதைக்கு. இரண்டாவது ‘வேண்டாம்’, கேட்டவர் ஒப்புக்குக் கேட்டாரா மனதாரக் கேட்டாரா என்று பார்ப்பதற்கு. மூன்றாவது முறை கேட்டால்தான் உண்மையான பதில் வரும். வெர்ன் காத்திருந்தான். சேற்றில் உட்கார்ந்திருந்தவர்களும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

ஆர்டிஸ் மின்னுகிற அந்த இறக்கையைப் பார்த்தாள். தன் சிவப்பெழுத்துப் பலகையை நினைத்தாள்.

“சரி, அப்ப பாத்துக்குங்க,” என்று புளூபெர்ரி பையை அவன் கையில் கொடுத்துவிட்டு வண்டியில் ஏறினாள்.

டுவேன் எப்போதும் பேசாதவன்தான். ஆனால் அன்று திரும்புகிற வழியில் ரேடியோவையும் அணைத்துவிட்டான்.

கடையில் பரிமாறுகிற லவோன் காப்பி ஊற்றிக்கொண்டே கேட்டாள். “கிரேன் வேணுமான்னு கேட்டியா?”

“கேட்டேன். வேண்டாம்னுட்டான்.”

“எத்தன தடவ?”

ஆர்டிஸ் மேசையைத் துடைத்தாள். லவோன் கெட்டிலை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள். அடுத்து வந்த பெட்ரோல் பங்க்காரர் அதையே கேட்டார். பாதிரியாரும் அதையே கேட்டார், இன்னும் கொஞ்சம் மெதுவாக. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

“ரெண்டு தடவ கேட்டேன்! அவன் வேண்டாம்னா நான் கால்ல விழணுமா?” என்று கத்தினாள் ஆர்டிஸ்.

எல்லோரும் அவரவர் காப்பிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு சின்னப் பெண் கெர்ட்டியின் காலைக் கட்டிக்கொண்டு, “உலகத்துலயே பெருசு!” என்று அப்பாவிடம் கூவினாள். கேட்டுக் கேட்டுப் பழகிய அந்த வார்த்தை அன்று ஆர்டிஸுக்கு எச்சில் பண்டம்போல இருந்தது. காற்று வாங்கிக் கொடுத்த பட்டம். ஜெயித்தது அவள் இல்லை.

அவள் ஏப்ரனை அவிழ்த்து லவோனின் தோளில் போட்டாள். “டுவேன், கிரேன்ல டீசல் இருக்கா?”

“காலையிலேயே ஊத்திட்டேன்,” என்றான் டுவேன்.

ஹைட்டோலாவில் வெர்ன் அதே இடத்தில்தான் நின்றான். அவள் கொடுத்த புளூபெர்ரி பை தீர்ந்திருந்தது. ஆர்டிஸ் வண்டியிலிருந்து இறங்காமலே தலையை வெளியே நீட்டினாள்.

“வெர்ன், கிரேன் வேணுமா?”

வெர்ன் அவளைப் பார்த்தான். தொப்பியைக் கழற்றினான். “அது வந்து... உங்களுக்கு ரொம்பச் சிரமம் இல்லேன்னா...”

“சிரமந்தான். தள்ளு அந்தப் பக்கம்.”

சற்று நேரத்தில் கிரான்பெர்க்கே அங்கே வந்து நின்றது. பாதிரியார் மண்வெட்டியோடு வந்தார். கொசுவை நிறுத்துவதில் எதைச் செய்யக்கூடாது என்று பட்டுக் கற்ற ஊர் கிரான்பெர்க்; கெர்ட்டியே முதல் இரண்டு வசந்தத்தில் விழுந்து எழுந்தவள்தான். குழியை இன்னும் ஆழமாக வெட்டினார்கள். காலுக்குள் குழாயை இறக்கிக் கான்கிரீட் ஊற்றினார்கள். நசுங்கிய இறக்கைக்கு டுவேன் தானியத் தொட்டித் தகட்டிலிருந்தே ஒட்டுப் போட்டான். ஹைட்டோலாப் பெண்கள் உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்த்துச் சுட்ட தட்டுகளைக் கொண்டு வந்து வைத்தார்கள். எல்லோரும் இரண்டு தடவை வேண்டாம் என்றுவிட்டுச் சாப்பிட்டார்கள்.

கிரேன் தூக்க, இரண்டு ஊரும் கயிற்றைப் பிடித்து இழுக்க, கொசு மெல்ல மெல்ல எழுந்து நின்றது. கெர்ட்டியைவிட ஓராள் உயரம், சந்தேகமே இல்லை. ஆர்டிஸுக்கு நெஞ்சில் ஒரு முள் குத்தத்தான் செய்தது. ஆனால் கையில் கயிறு அறுத்த தடத்தைப் பார்த்தபோது, அவளுக்கு வந்தது கெர்ட்டி நின்ற நாளில்கூட வராத பெருமை. இது கீழே கிடந்தது, இப்போது நிற்கிறது, இழுத்த கை என்னுடையது.

விழா முடிந்த மறுநாள் அவள் ஏணி போட்டு ஏறினாள். பழைய எழுத்தின் மேல் வெள்ளை அடித்தாள். காய்ந்ததும் சிவப்பில் எழுதினாள். கீழே நின்று பார்த்த லவோனுக்குக் கண் கலங்கிவிட்டது. டுவேன் மட்டும், “எழுத்து கொஞ்சம் சாஞ்சிருக்கு,” என்றான். அவன் அளவுக்கு அது பெரிய பாராட்டு.

ஆகஸ்டில் ஒரேகான் குடும்பம் ஒன்று பலகையைப் படித்துவிட்டுக் கடைக்குள் வந்தது. பலகையில் இப்போது இப்படி இருந்தது: ‘கிரான்பெர்க். உலகத்திலேயே பெரிய கொசுவைத் தூக்கி நிறுத்திய ஊர்.’

“அப்ப பெரிய கொசு இது இல்லையாங்க?” என்றார் அப்பா.

“பெருசு வடக்க ஒம்பது மைல்ல இருக்கு. தாராளமா போய்ப் பாருங்க. அத நிறுத்துனது யாருன்னு அங்க கேளுங்க, எங்க பேரத்தான் சொல்லுவாங்க,” என்றாள் ஆர்டிஸ். “உக்காருங்க, பை சாப்புட்டுப் போங்க.”

“வேண்டாங்க, நேரமாச்சு.”

“இப்பதான் அடுப்புலேந்து எடுத்தது.”

“பரவால்லங்க, பூங்காவுக்குப் போகணும்.”

லவோன் ஓரக்கண்ணால் பார்த்தாள். ஆர்டிஸ் நான்கு தட்டுகளை எடுத்து மேசையில் வைத்தாள்.

“மூணாவது தடவ கேக்கறேன்,” என்றாள். “இந்த ஊர்ல மூணாவது தடவ கேட்டா, நெஜமாத்தான் கேக்கறோம்.”

அவர்கள் உட்கார்ந்தார்கள்.