முன்கட்டைத் திருகு

மேசைமேல் துப்பாக்கி இரண்டாகக் கிடந்தது. மரம் ஒரு பக்கம், இரும்பு ஒரு பக்கம். இப்படிக் கிடக்கும்வரை இதனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று பிரான் நினைத்தாள்.

அவள் கணவன் மால் கொட்டகை வாசலில் நின்றான். இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தான். சேற்றில் புதைந்த மாடுகளைக் கயிறு கட்டி இழுத்ததில் உள்ளங்கைத் தோல் உரிந்து போயிருந்தது. திருப்புளியைப் பிடித்துத் திருக முடியவில்லை. அதனால்தான் இந்த வேலை அவளிடம் வந்தது. சுடுவதற்கு விரல் போதும் என்று சொல்லியிருந்தான்.

ஏழு வருஷம் வானம் பொய்த்த சமவெளி. பிறகு ஒரே வாரத்தில் ஏழு வருஷ மழையும் கொட்டியது. கூடவே குளிர்காற்று. எலும்பும் தோலுமாக இருந்த மாடுகள் வயிறளவு தண்ணீரில் ராப்பகலாக நின்றன. நீந்தியவை கீழ்ப்பக்க வேலி மூலையில் போய் ஒதுங்கின. இப்போது தண்ணீர் வடிந்துவிட்டது. செத்தவை செத்துவிட்டன. சாகாதவை எழ முடியாமல் கிடந்து கத்தின. அந்தக் கத்தல் கொட்டகை வரை கேட்டது. காலையில் மால் வேலி மூலைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, "காக்கா கண்ணக் கொத்துது. உயிரோட இருக்கும்போதே" என்று மட்டும் சொன்னான். போய்ச் சுட்டே ஆக வேண்டும். அதில் இருவருக்கும் இரண்டு பேச்சு இல்லை.

வண்டி போகாது. குதிரை புதைந்துவிடும். ஒரு கையில் வேலிக்கம்பி, மறு கையில் கழி என்று பிடித்துக்கொண்டு நடந்துதான் போக வேண்டும். துப்பாக்கி முதுகில் தொங்கினால்தான் முடியும். ஆனால் இத்தனை வருஷமும் வண்டி இருக்கைக்குப் பின்னால் கிடந்த துப்பாக்கி அது. தோள்வார் மாட்ட அதில் வளையம் கிடையாது. வெள்ளத்தில் ஊறிக் கெட்டுப்போன இன்னொரு துப்பாக்கியிலிருந்து வளையத் திருகுகள் இரண்டைக் கழற்றி வைத்திருந்தான் மால். வாருக்குக் குதிரைச் சேணத்தில் கால் வைக்கும் அங்கவடியைத் தொங்கவிடும் தோல்பட்டை.

தோளில் பதியும் பின்கட்டையில் வேலை சுலபம். நடுக்கோடு கிழித்து, ஆணியால் குறி வைத்து, கை டிரில்லைச் சுற்றினாள். கரண்ட் இல்லை. வால்நட் மரம் மெதுவாகத்தான் விட்டுக்கொடுத்தது. அவளும் மெதுவாகவே சுற்றினாள்.

"தண்ணி எடுக்கக் கிணறா தோண்டுற?" என்றான் மால்.

"கோணலாப் போனாக் கட்ட பொளந்துடும்."

"நீ சுத்துற வேகத்துக்கு அது தானா மக்கியே பொளந்துடும்."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. இன்று அவன் துவைத்த சட்டை போட்டிருந்தான். இடுப்புவரை சேற்றில் இறங்கப் போகிறவன் எவனும் துவைத்த சட்டையைத் தேடி எடுக்க மாட்டான்.

சட்டை மட்டுமில்லை. காலையில் அவள் கேட்காமலேயே அவளைக் கூட்டிப்போய் டீசல் பம்பில் அடைத்துக்கொண்ட காற்றை எடுப்பது எப்படி என்று காட்டினான். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டுக்கொண்டிருந்த விஷயம். நான் இருக்கேன்ல, உனக்கெதுக்கு என்பான். இன்று இரண்டு தடவை செய்து காட்டிவிட்டு, அவளையும் ஒரு தடவை செய்யச் சொன்னான். சரியாகச் செய்ததும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டான்.

அதன் பிறகுதான் ரேடியோவில் ஜாய்ஸ் கூப்பிட்டாள். பக்கத்துப் பண்ணைக்காரி, அறுபது வயதுக்காரி. பக்கம் என்றால் ஒரு மணி நேரப் பயணம். அந்த ரேடியோவில் யார் பேசினாலும் சுற்றுப்பட்ட பண்ணைகள் எல்லாமே கேட்கும். அதனால் இந்த வாரம் முழுக்க எல்லோரும் மனதில் இருப்பதை வெளிப்படையாகக் கேட்காமல், அதற்குப் பதிலாக ஒரே கேள்வியைத்தான் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"துப்பாக்கிப் பெட்டிச் சாவி யார்கிட்ட கண்ணு?"

"அவர்கிட்டதான், ஜாய்ஸ்."

ஜாய்ஸ் பேச்சை வேறு பக்கம் திருப்பினாள்.

"எங்க ஹெலிகாப்டர் வாசல்லதான் நிக்குது. எண்ணெதான் இல்ல. சாயங்காலம் வரும்ங்கறாங்க. எம் புருஷன் அதுவரைக்கும் அதத் தொடச்சுத் தொடச்சு வச்சுக்கிட்டிருக்கார். கல்யாணத்தன்னிக்கு என்னயக்கூட அப்படித் தொட்டதில்ல."

யாரோ ஒருவர் நடுவில் புகுந்து, "மழ வேணும்னு வேண்டுனவன் எவன்டா? அளவு சொல்லணும்னு தெரியாதா அவனுக்கு?" என்றார்.

"நீங்க வாய மூடுங்க," என்றாள் ஜாய்ஸ். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பிரான், சுத்தி வளைக்காத. நேராக் கேட்டுடு. கேட்டதால யாரும் கெட்டுப் போகல" என்றாள்.

பிரான் கேட்கவில்லை. வேலையை இழுத்தாள். சாயங்காலம்வரை இழுத்துவிட்டால் ஹெலிகாப்டர் வரும். இன்னொரு ஆள் கூடவே போவான். அவ்வளவுதான் அவள் கணக்கு. ஆனால் ஒவ்வொரு முறை கை டிரில்லை நிறுத்தியபோதும் வேலி மூலையிலிருந்து கத்தல் வந்தது. அவள் இழுக்கிற நேரத்தையெல்லாம் அந்த மாடுகள் அல்லவா அனுபவிக்கின்றன.

பின்திருகைப் போட்டு முடித்தாள். குழலுக்கு அடியில் வரும் முன்கட்டையில் துளை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக வேண்டும். குழல் படுத்திருக்கும் பள்ளத்துக்குள்ளிருந்து மரையை, அதாவது நட்டை, போட்டு இறுக்க வேண்டும். அதையும் செய்தாள். இரும்பைக் கட்டையில் வைத்துப் பார்த்தாள். திருகின் முனை மரைக்கு மேலே நீட்டிக்கொண்டு, குழலில் இடித்தது.

"நீளமா இருக்கு. கொழல்ல படுது."

"படட்டும்."

"பட்டாக் குறி தவறுமே. நீதான சொல்லிக் குடுத்த, கொழல எதுவுமே தொடக்கூடாதுன்னு."

"ஒரு முழம் தள்ளி நின்னு நெத்தியில வச்சுச் சுடப் போறேன். அதுல என்ன குறி?"

"அராவிடறேன். கொஞ்ச நேரந்தான் ஆகும்."

"வேணாம் பிரான். மாட்டிக் குடு."

அவள் அரத்தை எடுத்தவள் அப்படியே நின்றாள்.

துப்பாக்கி விஷயத்தில் அவனைப்போல் ஒரு தொந்தரவான ஆளைப் பார்க்க முடியாது. ஒரு தடவை அவள் அதைச் சுவரில் சாய்த்து வைத்ததற்கு மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். குறி ஒரு விரல் அகலம் தள்ளினாலும் தோட்டாவைச் செலவழித்துச் சரிபண்ணாமல் தூங்க மாட்டான். பன்றி, காட்டுநாய், வேலி தாண்டி வரும் கங்காரு, எல்லாவற்றுக்கும் இந்த ஒரு துப்பாக்கிதான்.

"இன்னிக்கு மாட்டுக்கு வேணாம் சரி. அடுத்த வாரம் நாய் வந்தா?" என்றாள்.

"மால், அடுத்த வாரம் இந்தத் துப்பாக்கிக்கு வேலையே இல்லையா?"

அவன் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டான். துணி சுற்றிய கையால் கதவு நிலையைத் தடவினான். அங்கே வெள்ளம் நின்ற மட்டத்துக்குச் சேற்றுக்கோடு ஒன்று காய்ந்திருந்தது.

அவள் அரத்தைக் கீழே வைத்தாள். பொய்யாகச் சிரித்துக் கேட்கலாமா என்று ஒரு கணம் யோசித்து, அப்படிக் கேட்கவில்லை.

"மாடுங்களச் சுட்டுட்டு உன்னையும் சுட்டுக்கப் போறியா?"

"தெரியல," என்றான்.

இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டாள். ஆமாம் என்றிருந்தால் துப்பாக்கியைக் கொண்டுபோய்ச் சேற்றில் எறிந்திருப்பாள். தெரியல என்றதற்கு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"காலைல எந்திரிக்கும்போது தெரியல. சட்டயப் போடும்போதும் தெரியல," என்றான். "அங்க போயி அதுங்களப் பாத்துட்டு வந்தேன்ல. ஒவ்வொண்ணும் நான் வளத்தது. தீவனம் வாங்கிப் போட்டு, சாக விடாம இழுத்துக்கிட்டு வந்து, மழ வந்துடும் வந்துடும்னு அதுங்ககிட்டயே சொன்னேன். வந்துச்சு."

"டெல்லா இருக்கா." மகள். வெள்ளத்துக்கு முன்பே நகரத்தில் பிரானின் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சும்தான். அதான் தெரியலன்னு சொன்னேனே."

அவள் அழுதாள். அவன் பக்கத்தில் வரவில்லை. வரவும் தெரியாமல் போகவும் தெரியாமல் நின்றான். பிறகு, "நீ அழுது முடிக்கிறதுக்குள்ள காக்கா இன்னும் ரெண்டு கண்ணக் கொத்திரும் பிரான்" என்றான். கல்மனசுக்காரன் பேச்சு மாதிரி இருந்தது. ஆனால் குரல் கெஞ்சியது.

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். திருகைக் கழற்றி இடுக்கியில் வைத்து அராவினாள். இப்போது இழுக்கவில்லை. அரம் கீச்சிட்டது, பித்தளைத்தூள் விரலில் ஒட்டியது. முனை மரைக்குக் கீழே போனதும் திரும்பப் போட்டு இறுக்கினாள். குழலுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு காகிதத்தை விட்டு இழுத்துப் பார்த்தாள். தடையில்லாமல் போனது. அடுத்த வாரத்துக்கான வேலையை முடித்துவிட்டுத்தான் இரும்பையும் மரத்தையும் ஒன்றாகப் பூட்டினாள். அங்கவடித் தோலை வளையங்களில் கோத்துக் கடைசித் துளையில் கொக்கியை மாட்டினாள். பிறகு தலைவழியே போட்டுக்கொண்டாள். வார் மார்புக்குக் குறுக்கே விழுந்தது. துப்பாக்கி முதுகில் இடித்தது.

"என்ன பண்ற?"

"நானும் வரேன். இது எங்கிட்ட இருக்கும்."

"உன்னால நடக்க முடியாது. தொட வரைக்கும் எறங்குது."

"உன் தொடயவிட என் தொட கெட்டி. கட்டுனப்பவே நீ சொன்னது." அவள் கழியை எடுத்தாள். "தோட்டா?"

அவன் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினான்.

"உங்கிட்டயே இருக்கட்டும்."

நடை நீண்டுகொண்டே போனது. கருஞ்சேறு காலைப் பிடித்துக்கொண்டு விட மறுத்தது. வேலிக்கம்பியில் வைக்கோலும் செத்த கங்காருக் குட்டியும் தொங்கின. நாற்றம் முதலில் வந்தது, பிறகு ஈ, பிறகு மாடுகள். மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. எது உயிரோடிருக்கிறது என்று காதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க முடிந்தது.

அவன் ஒவ்வொரு தோட்டாவாகக் கொடுத்தான். எங்கே வைப்பதென்று சொன்னான். அவள் சுட்டாள். முதல் மாட்டுக்குப் பிறகு வாந்தி எடுத்தாள். அடுத்ததற்கு எடுக்கவில்லை. ஒவ்வொன்றாகக் கத்தல் குறைந்தது. குறையக் குறைய அந்த இடம் இன்னும் மோசமாக ஆனது.

சாம்பல் நிறப் பசு ஒன்று பக்கவாட்டில் கிடந்தது. மால் வருவதைக் கண்டதும் தலையைத் தூக்கப் பார்த்தது. வறட்சியில் அவன் வாளியோடு வந்தால் ஓடி வருவது.

"இத நான் பண்றேன்," என்றான்.

"வாரக் கழட்ட மாட்டேன்."

"சரி."

அவன் மண்டியிட்டான். அவளும் இறங்கி அவன் தோளோடு ஒட்டி மண்டியிட்டாள். துப்பாக்கியை முன்னால் திருப்பிக் கொடுத்தாள். கட்டை அவன் கையில், வார் அவள் கழுத்தில். அவன் தோட்டாவைப் போட்டான். பசுவின் காதைத் தடவி ஏதோ சொன்னான். அவளுக்குக் கேட்கவில்லை. வெடித்தது. அவள் காது அடைத்துக்கொண்டது.

அவன் துப்பாக்கியைத் தரவில்லை. அதன் தாழ்ப்பாளை இழுத்தான். வெற்றுத் தோட்டாக்கூடு சேற்றில் விழுந்தது. கை சட்டைப் பைக்குப் போனது. இன்னொரு தோட்டாவை எடுத்துப் போட்டுத் தாழ்ப்பாளை மூடினான். குழலுக்கு எதிரே இப்போது செத்த பசு மட்டும். அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். விரல் விசைக்குப் பக்கத்தில் இருந்தது, விசையில் இல்லை. சட்டை முழுக்கச் சேறு. மூச்சு வந்து வந்து போவது வார் வழியாக அவள் கழுத்துக்குத் தெரிந்தது.

பறிக்கலாம். பறித்தால் என்ன ஆகும் என்று தெரியாது. பேசலாம். சொல்வதற்கிருந்ததைக் கொட்டகையிலேயே சொல்லி முடித்துவிட்டாள்.

"மால்," என்றாள். "அந்தப் பள்ளத்து ஓரமா ஒண்ணு காத ஆட்டுது."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆட்டுது மால். உசுரோட இருக்கு."

அவள் கழியை ஊன்றி எழுந்தாள். வார் இழுபட்டது. அவனும் எழ வேண்டியிருந்தது.