எஸ்தர் போட்டிருந்த புது மாடல்

ஆடித் தள்ளுபடியின் கடைசி நாளன்று, தீபாவளிக்கு வந்திறங்கிய புது மாடல்களை சேல்ஸ் பெண்களே போட்டுக்கொண்டு நிற்கவேண்டும் என்று உத்திரமேரூர் ஜவுளிக்கடை மேனேஜர் சொல்லிவிட்டார். எஸ்தருக்குக் கிடைத்தது மெரூன் நிற அனார்கலி. காலையிலிருந்து கழுத்து ஜரிகை குத்திக்கொண்டே இருந்தது.

மதியம் சாலவாக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தாள். எஸ்தர் நாற்பது சுடிதார்களைப் பிரித்துக் காட்டிய பிறகு, அந்த அம்மா அவளையே விரலால் சுட்டினாள்.

"இதெல்லாம் வாணாம்மா. நீ போட்டுக்கினு கீறியே, அதான் வேணும். தள்ளுபடியில குடு."

"இது புது சரக்குக்கா. தள்ளுபடி கெடையாது. அதுவும் இந்த சைஸ்ல இது ஒண்ணுதான் கீது."

"அப்ப கழட்டிக் குடு."

எஸ்தர் மேனேஜரைப் பார்த்தாள். "கஸ்டமர் கேக்குறாங்க இல்ல, போய் மாத்திக்கினு வாம்மா," என்றார் அவர்.

பல்லைக் கடித்துக்கொண்டு போய்த் தன் புடவைக்கு மாறி, அனார்கலியைக் கொண்டுவந்து நீட்டினாள். அந்த அம்மா கண்ணாடி முன் அதைத் தோளில் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"உம்மேல பாக்க சொல்லோ நல்லாத்தான் இருந்திச்சி. எனக்கு எடுப்பா இல்லம்மா," என்று சொல்லிப் போய்விட்டாள்.

"சரி, திரும்பப் போட்டுக்கோ," என்றார் மேனேஜர்.

"முடியாது சார். பொம்மைக்குப் போட்டு வுடுங்க. அதுக்குத்தான் எரிச்சலே வராது."

கடை மூடும்வரை எஸ்தர் புடவையிலேயே நின்றாள்.