தகப்பனின் கால்

குதிரைப் பண்ணை லாயத்தில் நின்று, ஒரு வயது ஆண்குட்டியின் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள் கால்நடை மருத்துவரான அவள். பின்னங்கால் மூட்டுக்குள் ஒரு எலும்புத் துண்டு பெயர்ந்து கிடந்தது.

"பாவம், வலி தாங்க மாட்டேங்குது டாக்டரம்மா. ஆபரேஷன் பண்ணி எடுத்துடுங்க" என்று உருகினார் பண்ணை முதலாளி. "அப்புறம் வாங்க வர்றவங்க எடுத்துப் பாக்குற படமும் சுத்தமா வரும்ல."

அவளுக்குச் சுருக்கென்றது. அடுத்த கொட்டடியில் குட்டியின் தகப்பன் நின்றது. தடை தாண்டும் போட்டிகளில் பேர் வாங்கிய குதிரை. அதன் அதே மூட்டில், பழைய தழும்பின் மேல் வெள்ளை முடி முளைத்திருந்தது.

"இதுக்கும் எடுத்திருக்கீங்க. இது பரம்பரையா வர்ற கோளாறுன்னு தெரியும்தானே?"

"யார் கேக்கறா? படம் சுத்தமா இருக்கு. இதோட குட்டிதான் வேணும்னு வரிசையில நிக்கிறாங்க."

நாடு முழுக்க நொண்டிக் குட்டிகளை விதைத்துவிட்டு, மனுஷன் கூச்சமே இல்லாமல் சிரித்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சரி, எடுத்துடறேன். அதே மயக்கத்துல காயடிச்சும் விட்டுடறேன். இந்தக் கால் இவனோட முடியட்டும்."

முதலாளி பாய்ந்து வந்து குட்டிக்கு முன்னால் நின்றுகொண்டார். "அதெப்படி? இவன் விலையே அதுலதானே இருக்கு. நீங்க ஒண்ணும் பண்ண வேணாம், கிளம்புங்க."

"அப்ப வலி?" என்றாள் அவள்.