காய்ச்சல் இல்லாத சீக்கு

தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்ட டிரெஸ்ஸர் சிங்காரத்துக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: வாயில் காய்ச்சல் குச்சியைச் செருகுவது. சூடு இருந்தால் சீக்கு, இல்லையென்றால் நடிப்பு. இந்த மகா ஞானத்தை வைத்துக்கொண்டு ரிங்லெட் ஊருக்கு மேலே மலையிலிருந்த தேயிலைத் தோட்டத்தில் பதினெட்டு வருஷம் ஓட்டிவிட்டார்.

அம்சவல்லிக்கு அவரைக் கண்டாலே குமட்டும். எழுபத்தாறாம் வருஷம் மூன்றாவது பிள்ளை லயத்து வீட்டிலேயே பிறந்தபோது ரத்தம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. அதிலிருந்து பால் சுரக்கவில்லை, தீட்டு வரவில்லை, கூடையைத் தூக்கினால் கண் இருட்டியது. கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிடும் காலைப் பெரட்டுக்கு முன்னால் டிரெஸ்ஸரிடம் போய் நின்றால், காய்ச்சல் இல்லை, போய்க் கொழுந்து எடு என்பார். சோம்பேறிக் கழுதை என்று கங்காணி காதுபடச் சொல்வார். இரண்டு வருஷம் இந்தக் கூத்து. கடைசியில் ஒருநாள் மலைச்சரிவில் சுருண்டு விழுந்தவளைக் கொழுந்து லோரியில் போட்டுக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டர் சாரதா பொறுமையாக விளக்கினார். சிறுநீரகத்தின் மேல் ஒரு சுரப்பி இருக்கிறது, உடம்பை நிமிர்த்தி வைக்கும் சுரப்பு அதிலிருந்துதான் வருகிறது. அதில் கோளாறு இல்லை. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் இன்னொரு சுரப்பி, அதுதான் இதற்கு உத்தரவு அனுப்ப வேண்டும். பிரசவத்தில் ரத்தம் போனதில் அது பட்டுப்போய்விட்டது. கிராணி பேர் கூப்பிடாவிட்டால் எந்த ஆள் மலையேறும் என்று அம்சவல்லி சட்டென்று புரிந்துகொண்டாள். இனி சாகும்வரை தினமும் மாத்திரை என்றார் டாக்டர்.

"காய்ச்சல் வந்தா ரெட்டிப்பாப் போடணும்மா. விட்டுட்டா உயிருக்கே ஆபத்து."

ஆஸ்பத்திரியிலிருந்து மாத்திரை டப்பாவும் கடிதமும் டிரெஸ்ஸருக்கு வந்தன. தினமும் ஒரு நாளுக்கு மட்டும், பிச்சை போடுவதுபோல் கொடுத்தார். கடிதத்தைப் படித்தாரோ, மடித்து மேசைக்காலுக்கு முட்டுக் கொடுத்தாரோ, யார் கண்டது?

ஆறாம் மாசம் அவளுக்கு நிஜமாகவே காய்ச்சல் கண்டது. குச்சியைப் பார்த்த டிரெஸ்ஸர் முகம் மலர்ந்தது. நூற்றிரண்டு.

"இதுதான் சீக்கு. ரெண்டு நாள் லீவு எழுதித் தரேன். அந்த மாத்திரைய நிறுத்திட்டுக் காய்ச்சல் மருந்து குடி லா."

அவளுக்குக் கால் நடுங்கியது, வாந்தி தொண்டையில் நின்றது. டாக்டர் சொன்னதைச் சொல்லிப் பார்த்தாள். அவர் காது கொடுக்கவில்லை. போயும் போயும் இந்த மடையன் கையிலா சாவது என்று ஆத்திரம் பொங்கியது. மேசையைச் சுற்றிப் போய் அலமாரியிலிருந்த டப்பாவை எடுத்து, அவர் கண்ணெதிரிலேயே இரண்டு பங்கு மாத்திரையை விழுங்கினாள். மானேஜர் துரையிடம் சொல்கிறேன் பார் என்று அவர் குதித்தார்.

அம்சவல்லி டப்பாவை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சொல்லுங்க ஐயா. நீங்க காய்ச்சலப் பாத்துக்கிட்டு இருங்க. நான் என் உசிரப் பாத்துக்கிறேன்."