பாலையாவுக்கு எத்தனை மணி

ஊரில் செத்தவர்கள் வயதையெல்லாம் இருபத்தெட்டு வருடம் கோயில் மணிக்கயிற்றை இழுத்து எண்ணிய மனுஷன், தன் வயதை மட்டும் இடத்துக்கு ஒரு விதமாகச் சொல்லி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அவர் பெண்டாட்டி செல்லியம்மாவுக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது.

சத்தியவேட்டுப் பக்கத்து அந்த மாதா கோயிலில் வெள்ளைக்காரச் சாமியார் காலத்து வழக்கம் ஒன்று. யார் செத்தாலும் வயதுக்கு ஒன்றாக மணி அடிக்க வேண்டும். அடித்து முடித்தால்தான் பெட்டியைத் தூக்கலாம். கழனியில் இருப்பவர்கள் அதை எண்ணியே இன்னார் போய்விட்டார் என்று தெரிந்துகொள்வார்கள். அடித்துக்கொண்டிருந்த பாலையாதான் இன்று பெட்டியில் கிடந்தார்.

"ரேஷன் கார்டுல அறுபத்தாறு" என்றார் தக்காளி விவசாயிகள் சங்கத் தலைவர் ரங்கையா.

"புதுக் கம்பெனியில வாட்ச்மேன் வேலைக்கு நைனா அம்பத்திரண்டுன்னு எழுதிக் குடுத்துக்கிறாரு" என்றான் மகன் வெங்கட்.

"அப்போ பென்ஷனுக்கு எழுபத்தொண்ணுன்னு குடுத்தது?" என்று கேட்டார் ரங்கையா.

ஃபாதர் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கொண்டுவந்து பிரித்தார். வேண்டிய பக்கத்தைக் கரையான் தின்று தீர்த்திருந்தது.

பெட்டி தூக்க வந்த இளவட்டங்கள் எல்லாரும் கம்பெனி ஆட்கள். ஒன்றரைக்கு ஷிப்டு பஸ் வந்துவிடும். மணி ஒன்றைத் தாண்டியும் இவர்கள் வெயிலில் நின்று கார்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

"மூணையும் கூட்டி சராசரி போட்டு அடிச்சிடலாமே" என்றார் ரங்கையா.

செல்லியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தக்காளி வெலையா அது, சராசரி போட? உசுரோட இருந்தப்பதான் இந்த ஆளு பொய் சொல்லிக்கினு திரிஞ்சாரு. செத்தப்புறம் நீங்க வேற சொல்லணுமா?"

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மணிக்கூண்டுக்குப் போனாள். பெண்பிள்ளை கயிற்றைத் தொட்டதில்லை என்று யாரோ முணுமுணுத்தார்கள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கயிறு கையை அறுத்தது. எல்லாரும் வாய்க்குள் எண்ணினார்கள். முப்பத்தொன்பதில் நிறுத்திவிட்டாள்.

"இன்னாம்மா, பாதியில நிறுத்திட்ட?" வெங்கட் ஓடிவந்தான்.

"பாதி இல்லடா. நான் கட்டிக்கினு வந்து முப்பத்தொம்போது வருஷம். அதுக்கு முன்னால உன் நைனா எத்தினி வருஷம் இருந்தாரோ, அந்த மாதாவுக்குத்தான் வெளிச்சம். நான் கூட இருந்து பார்த்ததுக்கு அடிச்சிட்டேன். அதுல ஒண்ணுகூடப் பொய்யில்ல."

ஃபாதர் பதிவேட்டை மூடிவிட்டுப் பெட்டியின் தலைமாட்டுக்கு வந்து நின்றார்.

"தூக்குங்க" என்றார்.